காமெடின்னு சொன்னாங்களே!

போன இதழில் ‘லூயி’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி வசவு. மீதிப் பாதி, விளக்கம் கேட்டு வசவு. ஆகவே இந்த வாரம் வேறு விஷயத்துக்கு இடமில்லை. அரசியல், சினிமா, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.

காமெடி என்று நீங்கள் எழுதியதை நம்பி வீட்டோடு உட்கார்ந்து ‘லூயி’ பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் மாமியார் அழுதுவிட்டார். இதற்குப் பேர் காமெடியா?
– வாசகி, கும்பகோணம்

வீட்டோடு உட்கார்ந்து பார்க்கச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. போகட்டும், மாமியார் அழுததற்கு உங்களைத் தவிர வேறொருவர் காரணமாக இருந்திருக்கிறார். அந்த மட்டில் லாபம்.

காமெடி என்று முத்திரை குத்தியது நான் மட்டும் அல்ல. எம்மி விருதுகளில் சிறந்த காமெடி எழுத்துக்கான பரிசை இந்தத் தொடர் 2012இல் ஒரு முறையும் 2014இல் ஒரு முறையும் வாங்கியிருக்கிறது. அங்கே அப்போது கணக்கு ரொம்ப எளிது. அரை மணி நேரம் ஓடினால் காமெடி, ஒரு மணி நேரம் ஓடினால் டிராமா. 2015இல் எம்மிக்காரர்கள் இதைப் பொதுவிதியாகவே எழுதிவைத்தார்கள், 2021 வரை அதுதான் விதி. சிரிப்பை அளந்தது கடிகாரம்தான். உங்கள் மாமியார் இன்னும் அரை மணி நேரம் அழுதிருந்தால் டிராமா ஆகியிருக்கும்.

கதையை ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், விருதுநகர்

விவாகரத்தான நாற்பது வயதுக்காரர், இரண்டு பெண் குழந்தைகள், நியூயார்க் நகரம், ராத்திரியில் மேடையேறி நகைச்சுவை பேசும் பிழைப்பு. எழுதி, இயக்கி, நடித்த லூயி சி.கே.யின் சொந்த வாழ்க்கையும் ஏறக்குறைய அதுவேதான்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா, போகப் போக இருட்டிவிட்டதா?
– வாசகர், திருச்சி

போகப் போகத்தான். 2006இல் ஹெச்.பி.ஓ.வில் ‘லக்கி லூயி’ என்று ஒரு தொடர் செய்தார். ஒரு வீட்டு செட், எதிரே உட்கார்ந்து சிரிக்கும் ஆடியன்ஸ், எல்லாம் பழைய பாணி. பேச்சு மட்டும் பச்சை. ஒரே சீசனில் மூடிவிட்டார்கள். 2010இல் எஃப்.எக்ஸ். சேனலில் ‘லூயி’ தொடங்கியபோது செட்டையும் காணோம், சிரிக்கிற ஆடியன்ஸையும் காணோம். குட்டிக் கதைகள், இடையிடையே மேடைப் பேச்சு, அவ்வளவுதான். அப்போதே வயிற்றைப் பிசையும் இடங்கள் உண்டு. சிலுவையில் ஏசுவின் உடம்புக்கு என்னென்ன நேர்ந்தது என்று ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்குலம் அங்குலமாக விவரிக்கிற எபிசோட் முதல் சீசனிலேயே வந்துவிட்டது.

உண்மையான திருப்பம் 2011இல் வந்த இரண்டாம் சீசன். ‘எடி’ என்று ஒரு எபிசோட். பழைய நண்பன், தோற்றுப்போன மேடைக்காரன், ராத்திரி காரில் வந்து இறங்குகிறான். ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் கடைசி ஐந்து நிமிஷத்தில் கதாநாயகனுக்கு நல்ல வார்த்தை நாலு கிடைத்துவிடும். இவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். இங்கே லூயிக்குக் கோபம்தான் வருகிறது. வாழ்வதற்கான காரணத்தை என்னிடம் கேட்காதே, அதை நான் தரமுடியாது என்கிற மாதிரி பேசுகிறார். நண்பன் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு என்ன ஆனான்? சொல்லவே இல்லை. பல ரசிகர்கள் ‘இது வேற லெவல்’ என்றதும் இந்த எபிசோடுக்குப் பிறகுதான். ‘நமக்கு ஒத்துவராது’ என்று பலர் ரிமோட்டைத் தேடியதும் இதற்குப் பிறகுதான்.

மூன்றாம் சீசன் முடிந்து 19 மாதம் இடைவெளி விட்டு, 2014 மே மாதம் நாலாவது வந்தது. அதில் ஆறு பாகத்துக்கு நீளும் ஒரு காதல் கதை. பள்ளிக்காலத்தில் கஞ்சா பழகியதைப் பற்றி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு எபிசோட். 2015இல் ஐந்தாம் சீசன், எட்டே எட்டு எபிசோட். அதில் ஒன்று முழுக்கக் கெட்ட கனவு, பேய்ப்படம் மாதிரி. அதோடு நின்றது. மொத்தம் 61.

சேனல்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்? நம் ஆட்கள் என்றால் இரண்டாவது வாரமே கதாநாயகிக்கு நினைவு தப்ப வைத்திருப்பார்களே!
– வாசகர், சாலிகிராமம்

விலாசத்தைப் பார்த்ததுமே உங்கள் வலி புரிந்துவிட்டது.

சும்மாதான் இருந்தார்கள். சும்மா இருக்கத் தோதான விலை. முதல் சீசனில் ஒரு எபிசோடுக்கு சுமார் 2 லட்சம் டாலர். பெரிய சேனல்களின் அரை மணித் தொடர்களுக்கு அதுபோல் பல மடங்கு ஆகும். பணத்தை அனுப்பிவிட்டு எட்ட நிற்க வேண்டும், இப்படி மாற்று அப்படி மாற்று என்று சொல்லக் கூடாது என்பது லூயி போட்ட நிபந்தனை. ஜான் லேண்ட்கிராஃப் என்கிற சேனல் தலைவர் ஒப்புக்கொண்டார். எழுத்து, இயக்கம், நடிப்பு, எடிட்டிங் எல்லாம் ஒரே ஆள் என்பதால் சம்பளப் பட்டியலும் சின்னது. மூன்றாம் சீசனில்தான் எடிட்டிங்குக்கு உடி ஆலன் படங்களில் வேலை பார்த்த சூசன் மோர்ஸை அழைத்துக்கொண்டார்.

இந்தத் தொடரின் துணிச்சலைப் புகழ்கிறவர்கள் அதன் சிக்கனத்தைக் கவனிப்பதில்லை. எபிசோடுக்கு 20 லட்சம் டாலர் கொட்டியிருந்தால் எந்த மகான் சேனல் தலைவராக இருந்தாலும் மூன்றாம் நாள் படப்பிடிப்புக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

லூயியின் முன்னாள் மனைவி கறுப்பினப் பெண். மகள்கள் இருவரும் பொன்னிற முடி வெள்ளைக் குழந்தைகள். லாஜிக் இடிக்கிறதே?
– வாசகர், சேலம்

இதோடு விட்டீர்களே. எஃப். முர்ரே ஆபிரகாம் என்ற ஆஸ்கர் நடிகர் இந்தத் தொடரில் மூன்று தடவை வருவார், மூன்று தடவையும் வேறு வேறு ஆளாக. ஒரு முறை முன்பின் தெரியாதவர், ஒரு முறை சித்தப்பா, ஒரு முறை அப்பாவே. கனவில் வருகிறவர்களிடம் ரேஷன் கார்டு கேட்கக் கூடாது.

பின்னணியில் சிரிப்புச் சத்தம் போட்டிருந்தால் எங்கே சிரிக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.
– வாசகர், நாகர்கோவில்

கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. அமெரிக்கக் காமெடி பல வருஷம் இப்படித்தான் ஓடியது. 1950களில் சி.பி.எஸ். என்ஜினீயர் சார்லி டக்ளஸ் ஒரு பெட்டி செய்தார். சாவிகளை அழுத்தினால் குபீர்ச் சிரிப்பு, குலுங்கும் சிரிப்பு, தனியாக ஒரு பெண்மணியின் கிளுகிளு என்று வகைவகையாக வரும். அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார் மனிதர். வீட்டில் தனியாகப் பார்ப்பவனுக்குத் துணைக்கு ஆள் சேர்க்கிற வேலை அது.

கொரியப் போரின் ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றிய ‘மேஷ்’ தொடரில் (1972–83) சேனல் இந்தச் சிரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. தயாரித்தவர்கள் போராடி ஒரு சலுகை வாங்கினார்கள்: ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் சிரிப்புச் சத்தம் கிடையாது. பிரிட்டனில் பி.பி.சி. அதே தொடரைச் சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. ஒரே எபிசோட், அமெரிக்காவில் கலகலப்பு, லண்டனில் கனம். 1975இல் அதே தொடரில், எல்லாருக்கும் பிடித்த கர்னல் ஹென்றி பிளேக் ஊர் திரும்பும்போது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்துபோனார் என்று ஒரு வரியில் சொல்லி முடித்தபோது, ‘காமெடித் தொடரில் இப்படியா செய்வீர்கள்’ என்று கடிதங்கள் குவிந்தன. அப்போதும் உங்களைப் போன்றவர்கள் இருந்தார்கள் என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

நாலாம் சீசனில் ஒரு பெண் ஹங்கேரிய மொழியில் பேசிக்கொண்டே இருக்கிறாள். சப்டைட்டில் இல்லை. என் டி.வி.யில் கோளாறா?
– வாசகி, காரைக்குடி

டி.வி. நல்லபடி இருக்கிறது. வேண்டுமென்றே போடவில்லை. அவள் சொல்வது லூயிக்குப் புரியாது, ஆகவே உங்களுக்கும் புரியக் கூடாது. ‘எலிவேட்டர்’ என்ற அந்த ஆறு பாகக் கதையில், பக்கத்துக் குடியிருப்புக்கு விருந்தாளியாக வந்த பெண்ணோடு காதல். இவருக்கு ஹங்கேரியம் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைசியில் அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஒரு ஹோட்டல் பணியாளர் படித்து மொழிபெயர்க்கும்போதுதான் அவள் மனசில் என்ன இருந்தது என்று இருவருக்கும், அதாவது லூயிக்கும் நமக்கும், ஒரே நேரத்தில் தெரிகிறது. அந்தக் காட்சியை நான் எங்கே வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன்.

வேடிக்கை என்னவென்றால் லூயியே கால்வாசி ஹங்கேரிய வம்சம். அப்பா வழிப் பெயர் சேக்கெய். அமெரிக்கர்கள் வாயில் அது நுழையாததால் சி.கே. என்று சுருங்கியது.

ஆனால் ஆறு பாகம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. நாலில் முடித்திருக்கலாம். ‘ஆர்ட் படம் எடுக்க ஆசைப்பட்டால் தியேட்டருக்குப் போ’ என்று 2014இல் எரிச்சல்பட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

குண்டான பெண் ஏழு நிமிஷம் பேசுகிற காட்சியைப் பார்த்து நான் கண் கலங்கினேன். என் தோழி கோபப்பட்டாள். யார் சரி?
– வாசகி, கோவை

இருவரும். ‘சோ டிட் த ஃபேட் லேடி’ என்ற எபிசோட் அது. 2014 எம்மி வாங்கிய எழுத்து. கலகலப்பான, கெட்டிக்காரியான ஒருத்தி. லூயியை வெளியே கூப்பிடுகிறாள், அவர் நழுவுகிறார். ஒருவழியாகச் சேர்ந்து நடக்கும்போது, குண்டான பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். சாரா பேக்கர் என்ற நடிகை அதை ஒரே மூச்சில் கொட்டுகிறார். லூயியும் குண்டுதான், ஆனால் ஒரு ஆண் அதே உடம்போடு மேடையேறி அதையே ஜோக்காக்கிக் காசு பார்க்கலாம், ஒரு பெண் சொன்னால் எல்லாரும் பதறுவார்கள் என்பது அவள் வாதம். நீங்கள் கலங்கியது அதற்கு.

உங்கள் தோழியின் கோபம் வேறு. இதை எழுதியது ஒரு ஆண். அவள் வாயில் அந்த வசனத்தை வைத்து, கைதட்டலைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவள் கேட்டதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு நட என்பதுதான். அதைச் செய்து காட்சியை முடித்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தொடரில் வேலை இல்லை. அமெரிக்காவில் இதே சண்டை அந்த வாரம் முழுக்க நடந்தது. தோழியோடு டீ குடித்துச் சமாதானம் ஆகுங்கள்.

பமேலா என்ற பெண்ணை லூயி வீட்டுக்குள் இழுத்துக் கட்டாயப்படுத்துகிறார். அதையும் கலை என்பீர்களா?
– வாசகி, மதுரை

மாட்டேன்.

2014 ஜூனில் அந்த எபிசோட் ஒளிபரப்பானதும் அமெரிக்கப் பார்வையாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு கட்சி சொன்னது: லூயி செய்வது அசிங்கம் என்று தொடருக்கே தெரியும், பமேலாவே அதை முகத்துக்கு நேரே சொல்கிறாள், அதே எபிசோடில் பெண்களுக்கு நேர்ந்த அநீதி பற்றி அவர் மேடையில் பேசியதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நல்லதைப் பேசுகிறவனே வீட்டில் எப்படி நடக்கிறான் என்பதுதான் கருத்து. இன்னொரு கட்சி சொன்னது: கருத்தெல்லாம் சரி, அடுத்தடுத்த பாகங்களில் அந்த இருவரையும் காதலர்களாக்கிவிட்டீர்களே, அப்புறம் என்ன கண்டனம்?

நான் இரண்டாவது கட்சி. ஒரு தப்பைக் காட்டுவது எழுத்தாளனின் உரிமை. அந்தத் தப்புக்கு அவனுக்கே காதலியைப் பரிசாகக் கொடுத்தால் காட்டியது எதற்கு?

அதே ஆள் நிஜத்திலும் அப்படி நடந்தவர் என்று பிறகு வெளியானது. தெரிந்துமா எழுதினீர்கள்?
– வாசகர், புதுச்சேரி

தெரிந்துதான். பத்துக் கடிதத்தில் ஆறு இதைத்தான் கேட்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

2017 நவம்பர் 9 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ ஐந்து பெண்களின் வாக்குமூலத்தை வெளியிட்டது. பெரும்பாலும் அதே தொழிலில் மேலே வர முயன்றுகொண்டிருந்தவர்கள். அவர்கள் முன்னால், அல்லது தொலைபேசியில், லூயி அருவருப்பாக நடந்துகொண்டார் அல்லது நடந்துகொள்ள அனுமதி கேட்டார். பல வருஷமாக இது வதந்தியாகச் சுற்றியது, கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தார். செய்தி வந்த மறுநாள், அவர்கள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார். எஃப்.எக்ஸ். உறவை முறித்தது. ஹெச்.பி.ஓ. அவருடைய பழைய நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டது. அடுத்த வாரம் வெளியாக இருந்த ‘ஐ லவ் யூ, டாடி’ படம் பெட்டிக்குள் போனது. பமேலாவாக நடித்த பமேலா ஆட்லன், லூயியோடு சேர்ந்து தொடங்கிய ‘பெட்டர் திங்ஸ்’ தொடரை, அவரை விலக்கிவிட்டுத் தனியாக 2022 வரை கொண்டுபோனார். அது அருமையான தொடர். ‘லூயி’ பார்க்க மனசு ஒப்பாதவர்கள் நேரே அதற்குப் போகலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரசிகர்கள் லூயியைக் கொண்டாடியது நேர்மைக்காக. தன் சபலத்தை, சோம்பலை, கெட்ட எண்ணத்தை மேடையில் தானே போட்டு உடைக்கிற ஆள். இத்தனையைத் தானே சொல்கிறவன் இன்னொன்றையா மறைக்கப் போகிறான் என்ற நம்பிக்கை அதில் வளர்ந்தது. பாவமன்னிப்பு கேட்பவர் கூண்டில் உட்கார்ந்து சின்னப் பாவங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாம் பாதிரியார் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தோம். பெரிய பாவம் வெளியில் ஐந்து பெண்களின் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது. அவர்களில் சிலர் வேலையும் வாய்ப்பும் இழந்ததைப் பற்றி அந்த நேர்மையான தொடரில் ஒரு எபிசோடும் கிடையாது.

இதனால் பழைய எபிசோட்கள் மாறிவிட்டனவா? சில மாறிவிட்டன. பமேலா காட்சி கண்டிப்பாக மாறிவிட்டது. ‘எடி’ மாறவில்லை. ஹங்கேரியக் கடிதம் மாறவில்லை. ஆளை மன்னிக்காமலே ஒரு எபிசோடை நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியும். பார்க்கவே மாட்டேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. எபிசோடுக்காக அந்தப் பெண்களைப் பொய்க்காரிகள் என்பவர்களோடுதான் சண்டை.

பிறகு ஆள் என்ன ஆனார்?
– வாசகர், ஈரோடு

ஒன்பதே மாதத்தில், 2018 ஆகஸ்டில், நியூயார்க்கின் காமெடி செல்லரில் அறிவிப்பில்லாமல் மேடையேறினார். தொடரின் தொடக்கத்தில் படியிறங்கிப் போவாரே, அதே இடம். பேச ஆரம்பிக்கும் முன்பே கைதட்டல். மறுநாள் அரங்கத்துக்கு ஒரு பார்வையாளரின் புகார்: இவர் வருவார் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று. கேட்கிறவருக்குத் தேர்வு கொடுக்காமல் எதிரே வந்து நிற்பதுதானே முதல் குற்றச்சாட்டே! 2022இல் காமெடி ஆல்பத்துக்காக கிராமி விருது கொடுத்தார்கள். அதற்கும் திட்டு, அதற்கும் கைதட்டல்.

காமெடி நடிகர்களுக்கெல்லாம் வயசானால் ஏன் தத்துவம் பிடித்துக்கொள்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

வயசு ஒரு காரணம். லூயி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பதினைந்து வருஷம் ஒரே ஒரு மணி நேரப் பேச்சையே ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ஜார்ஜ் கார்லின் என்ற மேதையின் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்: வருஷம் ஒரு முறை எல்லா ஜோக்குகளையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுது. முதல் வருஷம் விமானப் பயணம், நாய் பற்றியெல்லாம் எழுதலாம். அதையும் தூக்கிப்போட்ட பிறகு? மனைவி, மக்கள். அதுவும் போனால், சாவும் பயமும்தான் பாக்கி. தூர் வாரிக்கொண்டே போனால் சேறு வரத்தான் செய்யும்.

பிடிக்கவில்லை என்றால் சேனலை மாற்ற வேண்டியதுதானே? எதற்குப் புகார், எதிர்ப்பு?
– வாசகர், சென்னை–4

பார்த்துவிட்டுப் புகார் செய்பவர்களை நான் மதிக்கிறேன். பார்க்காமலே செய்பவர்கள்தான் சுவாரஸ்யம். பிரிட்டனில் கிறிஸ் மாரிஸ் என்பவரின் ‘பிராஸ் ஐ’ நிகழ்ச்சி, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை வைத்து ஊடகங்கள் கிளப்பும் பீதியைக் கிண்டல் செய்து 2001 ஜூலையில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி போட்டது. புகார்கள் ஆயிரக்கணக்கில். அமைச்சர்கள் கொதித்தார்கள். கடுமையாகக் கண்டித்த ஒரு பெண் அமைச்சர், நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இதற்கு முன்பு அதே மாரிஸ், ‘கேக்’ என்று ஒரு இல்லாத போதைப்பொருளைக் கற்பனை செய்து, அதன் கொடுமை பற்றிப் பிரபலங்களைக் கேமரா முன் பேசவைத்தார். ஒரு எம்.பி. பார்லிமென்ட்டிலேயே அதைப் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டார். பீதியைக் கிண்டல் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பீதியே வந்து நடித்துக் கொடுத்துவிடும்.

பார்வையாளர்களே ஓட்டுப் போட்டு ஒரு காமெடியனை வெளியேற்றிய கதை உண்டா?
– வாசகர், கடலூர்

உண்டு. ஆண்டி காஃப்மன். மேடைக்கு வந்து சிரிப்பு வரவைக்காமல் மக்களைப் பொறுமையிழக்க வைப்பதையே கலையாகச் செய்தவர்; லூயி வகையறாவுக்கெல்லாம் பாட்டனார். 1982 நவம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சி, இவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று போன் ஓட்டெடுப்பு நடத்தியது. வேண்டாம் என்று 1,95,544 பேர், வேண்டும் என்று 1,69,186 பேர். தோற்றார், பிறகு அந்த மேடையில் ஏறவேயில்லை. 1984இல் 35 வயதில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தபோது அதுவும் அவருடைய விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். இன்றைக்கும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சேனலே இல்லாமல் லூயி எடுத்திருந்தால் இன்னும் எவ்வளவு இருட்டாக இருந்திருக்கும்?
– வாசகர், திருநெல்வேலி

எடுத்தார். 2016 ஜனவரியில் ‘ஹொரேஸ் அண்ட் பீட்’. விளம்பரம் இல்லை, டிரெய்லர் இல்லை. ஒரு நாள் காலை திடீரென்று தன் இணையதளத்தில் போட்டு, முதல் எபிசோட் 5 டாலர் என்றார். புரூக்ளினில் ஒரு பழைய மதுக்கடை, அதை நடத்தும் குடும்பம், பத்து எபிசோட். ஸ்டீவ் புஷெமி, ஆலன் ஆல்டா, ஈடி ஃபால்கோ என்று பெரிய நடிகர்கள். சிரிப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைக் காமெடி என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே சிரிப்பு வரவில்லை என்ற புகாரும் வரவில்லை. முத்திரையை எடுத்தால் பாதிச் சண்டை போய்விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதே வழியில் போன வேறு தொடர்?
– வாசகி, வேலூர்

‘பேரி’. ‘சாட்டர்டே நைட் லைவ்’ புகழ் பில் ஹேடர், நடிப்புப் பள்ளியில் சேர்ந்த கூலிக் கொலையாளியாக வருவார். 2018 முதல் 2023 வரை நாலு சீசன். முதலாவதில் கொலைக்கு நடுவே சிரித்தோம். நாலாவதில் சிரித்தோமே என்று வெட்கப்பட வைத்தார். ‘லூயி’ விட்ட இடத்தை இது சரியாகப் பிடித்தது: கெட்டது செய்தவனைக் கதை கடைசிவரை விடவே இல்லை.

என் பத்தாம் வகுப்பு மகன் ‘லூயி’ பார்க்கிறான். விடலாமா?
– வாசகர், ஓசூர்

அமெரிக்காவிலேயே வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு வந்த தொடர். விடாதீர்கள். அவன் முன்பே பார்த்துவிட்டான் என்றால், என்ன புரிந்தது என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள். எனக்குப் புரியாத எபிசோட் இரண்டு இருக்கிறது.

டேவிட் லிஞ்ச் எதற்கு வந்தார்?
– வாசகர், தூத்துக்குடி

மூன்றாம் சீசனில், ராத்திரி டாக் ஷோ நடத்தும் டேவிட் லெட்டர்மன் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலி உனக்கு என்று லூயிக்கு ஆசை காட்டுவார்கள். அவருக்கு டி.வி. பேச்சு பழக்கும் வாத்தியாராக, பயமுறுத்தும் படங்கள் எடுத்த லிஞ்ச் முறைப்பாக வந்து உட்கார்ந்திருப்பார். 2012இல் இது வெறும் கற்பனை. 2014இல் லெட்டர்மன் நிஜமாகவே ஓய்வை அறிவித்தார். நாற்காலி ஸ்டீஃபன் கோல்பேருக்குப் போனது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ‘லூயி’ நல்ல தொடரா?
– வாசகர், அரியலூர்

இரண்டாம், மூன்றாம் சீசன்கள் பிரமாதம். முதலாவது ஏற்ற இறக்கம். நாலாவதில் பாதி பிரமாதம், கால்வாசி சவசவ, கால்வாசி மன்னிக்க முடியாதது. ஐந்தாவது, களைத்துப்போன ஆள் எடுத்தது.

ஒரே ஒரு எபிசோட் பார்க்க நேரம் இருக்கிறது. எது?
– வாசகி, ராமநாதபுரம்

‘டக்லிங்’. இரண்டாம் சீசன், 2011, ஒரு மணி நேரம். ஆப்கானிஸ்தானில் இருக்கும் அமெரிக்க ராணுவத்துக்கு நிகழ்ச்சி நடத்த லூயி போகிறார். பத்திரமாக இருக்கட்டும் என்று சின்ன மகள் அவர் பையில் ஒரு வாத்துக்குஞ்சை ஒளித்து வைத்துவிடுகிறாள். நடுவழியில் துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்களும் சிப்பாய்களும் எதிரெதிரே நிற்கும்போது அந்தக் குஞ்சு தப்பி ஓடுகிறது. மீதியைத் திரையில் பாருங்கள். யோசனை அவருடைய நிஜ மகள் சொன்னது. அதைப் பார்த்தும் சிரிப்பு வராதவர்கள் எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் பிரசுரிக்கிறேன். மூட்டுவலிக் கேள்விகளுக்கும் அப்போதே பதில்.